பொறுத்தவரும் மறுத்தவரும்

வீரம் என்றதும் வாளும் வேலும் நம் நினைவுக்கு வருகின்றன. போர்க்களம் புகாதவனை வீரன் என்று சொல்ல நம் நா எளிதில் எழுவதில்லை. பகவன் புத்தர் நெறியில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. பத்துப் பாரமிதைகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். ஐந்தாவதாக வீரியம் வருகிறது. அதை அடுத்து ஆறாவதாக க்ஷாந்தி என்னும் பொறுமை வருகிறது. ஊக்கத்துடன் முன்செல்வதும் அடியைத் தாங்குவதும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. சொல்லும்போது இது எளிது. தலைமுறை தலைமுறையாக அவமதிக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தாருக்கு இவ்விரண்டையும் ஒன்றாகப் பயிலுவது எவ்வளவு கடினம் என்பதை நம்மில் அறியாதவர் யார்? எதுவரை பொறுத்தால் அது பொறுமை? எந்த எல்லையைத் தாண்டினால் அது அடிமைக் குணம்? இந்த வினாவை ஆராய, நூல்களைத் தேடிப் போவதைவிட, புனே நகரத்துக் கிரிக்கெட் மைதானம் ஒன்றிற்குப் போவது நலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்தில் பூனா என்று வழங்கிய அந்நகரில், 1890-களின் தொடக்கத்தில், பல்வங்கர் பாலூ என்னும் இளைஞர் வெள்ளையரின் சங்க மைதானத்தில் வேலைக்கு இருந்தார். தார்வாரில் பிறந்தவர், தோல் தொழில் செய்யும் சமார் வகுப்பினர், தந்தை ராணுவத்தில் ஊழியம் செய்தவர். அதற்கு முன் பார்சிகளின் சங்கம் ஒன்றில் மாதம் மூன்று ரூபாய்க்கு மைதானம் பெருக்கியவர், இங்கே நான்கு ரூபாய்க்கு வந்து சேர்ந்தார். களத்தில் உருளை இழுப்பதும், கோடு போடுவதும், வலை கட்டுவதும் அவர் வேலை. உறுப்பினர்கள் பயிற்சி செய்யும்போது பந்து வீசவும் சொன்னார்கள். இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசுவதில் அவருக்கு ஈடு இல்லை என்பது விரைவில் தெரிந்தது. ஜே. ஜி. கிரெய்க் என்னும் புகழ்பெற்ற வெள்ளை ஆட்டக்காரர், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும், அந்த வலையில் அவர் மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டை பிடிக்க ஒருநாளும் அவரை அழைத்ததில்லை. மட்டை துரைமார்களுக்குரியது, பந்து வேலையாளுக்குரியது. விளையாட்டுக்குள்ளும் வருணம் உண்டு போலும்!

பூனாவின் இந்துக்களும் ஓர் அணி வைத்திருந்தனர். வெள்ளையரை வெல்ல வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வெல்வதற்கு வேண்டிய கை பாலூவின் கை. ஆகவே சேர்த்துக்கொண்டார்கள். இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஆட்டத்தின்போது பாலூ தொட்ட பந்தைப் பிராமண ஆட்டக்காரர்களும் தொட்டார்கள். அந்தப் பந்தோ தோலால் மூடித் தைக்கப்பட்டது. தோலைப் பதனிடுபவர் எந்த வகுப்பினர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தொட்டதால் யாருக்கும் தீட்டு வரவில்லை. தேநீர் இடைவேளை வந்ததும் தீட்டு வந்துவிட்டது. மற்றவர்கள் அரங்கத்தினுள் அமர்ந்து பீங்கான் கோப்பையில் பருக, பாலூவுக்கு வெளியே, மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனித் தட்டில், தனி மேசையில். தீட்டு என்பது பொருளில் இருப்பதானால் பந்தில் இருந்திருக்க வேண்டும். உடலில் இருப்பதானால் விரலில் இருந்திருக்க வேண்டும். அது இவ்விரண்டிலும் இல்லை. தேவை உள்ளபோது மறைந்து, தேவை தீர்ந்தபோது தோன்றுவது அது. மனத்தில் பிறந்த மாசு என்று தம்மம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுமா? விக்கெட் வேண்டியபோது அவர் இந்து. தேநீர் வேளையில் அவர் தீண்டத்தகாதவர்.

நீதிபதி ரானடே அக்காலத்தில் பூனாவில் பெரும் சீர்திருத்தக்காரர். பாலூவுடன் சேர்ந்து ஆடக் கூடுமானால் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்று அவர் அந்த ஆட்டக்காரர்களிடம் எடுத்துச் சொன்னதாகக் கூறுவர். நல்ல சொல்தான். ஆனால் மண் குவளையை வாங்கிக் குடித்தவர் ரானடே அல்லர்.

அந்தக் குவளையைப் பாலூ ஏன் வாங்கினார்? வீசி எறிந்திருக்க வேண்டாமா? நம் இளைஞர்கள் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. சுயமரியாதையில் பிறக்கும் இக்கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இதற்கு விடை காணப் புண்ணர் என்னும் பிக்குவின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். சூனாபராந்த நாட்டார் கொடியவர். அங்கே போகிறேன் என்கிறாயே, அவர்கள் உன்னை ஏசினால் என்ன செய்வாய் என்று பகவன் கேட்கிறார். கையால் அடிக்கவில்லையே, நல்லவர்கள் என்று எண்ணுவேன் என்கிறார் புண்ணர். கையால் அடித்தால்? கல்லால் அடிக்கவில்லையே என்று எண்ணுவேன். இவ்வாறே தடி, ஆயுதம், இறுதியில் உயிர் வரையில் கேள்வி செல்கிறது. இந்தச் சம்வாதத்தை நாம் பொறுமைக்கு உதாரணமாகக் காட்டுகிறோம். பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. புண்ணர் அந்த நாட்டுக்குப் போனார். ஏசுவார்கள், அடிப்பார்கள் என்று தெரிந்தே போனார். போய் அங்கே தம்மத்தை நிலைநாட்டினார். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அடிவாங்குபவனது பொறுமையும், செல்லக்கூடாது என்று விலக்கிய இடத்துக்குச் சென்று அடிவாங்குபவனது பொறுமையும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன, அவை ஒன்றல்ல.

பாலூ போய்க்கொண்டே இருந்தார். 1890-களின் பிற்பகுதியில் பம்பாய்க்குச் சென்றார். அங்கே இந்து ஜிம்கானாவில் சேர்த்துக்கொள்ளச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர், ஆயினும் சேர்த்தனர். பூனாவில் வெளியே நிறுத்தப்பட்டவர் பம்பாயில் மற்ற ஆட்டக்காரர்களுடன் கலந்து உண்டார். 1906-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் நடந்த ஆட்டத்தில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்கடித்தனர். பாலூவும் அவர் தம்பி சிவராமும் அந்த வெற்றியில் பங்கு கொண்டனர். ஆயிரக்கணக்கான இளைஞர்களின் மனத்தை இந்தச் சகோதரர்களின் சேர்க்கை விரிவாக்கியது என்று அக்காலச் சீர்திருத்தப் பத்திரிகை ஒன்று எழுதியது. 1911-ல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது, அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலூ மட்டும் அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். சராசரி 18.84. ஆட்டம் அறிந்தவர்களுக்கு இந்த எண்ணின் பெருமை விளங்கும்.

நிற்க. ஆடவிடுவது வேறு, தலைமை தருவது வேறு. இதுவே என் கட்டுரையின் நடுவிடம்.

1910-ஆம் ஆண்டு முதற்கொண்டு, அனுபவத்தாலும் ஆற்றலாலும் பாலூவே இந்து அணிக்குத் தலைவராக வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தவண்ணம் இருந்தது. ஆண்டுதோறும் மறுக்கப்பட்டது. 1913-ல் எம். டி. பை என்னும் பிராமணர் தலைவரானார். இந்தப் பெருமை பாலூவுக்கே உரியது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவரது நேர்மையைப் போற்றுவோம். எனினும், சொல்லிவிட்டுத் தலைமையை அவரே ஏற்றார் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாக்கிய குலத்து இளவரசர்கள் துறவு பூணப் போன கதை இவ்விடத்தில் பொருந்தும். அனுருத்தர், ஆனந்தர் முதலிய அரச குமாரர் அறுவருடன் அவர்களுடைய நாவிதராகிய உபாலியும் சென்றார். பகவனிடம் அவர்களே ஒரு வேண்டுகோள் வைத்தனர்: உபாலிக்கு முதலில் தீக்கை அளித்தருள்க, எங்களுக்குச் சாக்கியர் என்ற கர்வம் மிகுதி, அவர் எங்களுக்கு மூத்தவரானால் நாங்கள் அவரை வணங்க வேண்டிவரும், கர்வம் அழியும் என்றனர். அப்படியே நடந்தது. சங்கத்தில் இடம் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. தலை வணங்கும் வரிசையை மாற்றினார்கள். உபாலிக்கு முன்னே குனிந்த தலைகளைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. சாதி என்பது அருகில் உட்காருவதைப் பற்றியது என்று பலர் நினைக்கின்றனர். அது யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்பதைப் பற்றியது. அருகில் உட்காரச் சம்மதித்தவர்கூட, கட்டளைக்குக் கீழ்ப்படியச் சம்மதிப்பதில்லை.

இதை நான் ஏட்டில் படித்து அறிந்தவன் அல்லன். நூற்பாலை ஒன்றில் பல ஆண்டுகள் உழைத்தவன். எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் இருந்தார். ஓடும் பிரேமின் ஓசையைக் கேட்டே எந்தக் கதிரில் பழுது என்று சொல்லிவிடுவார். புதிதாக வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அறுந்த இழையை ஒட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவரிடம் கற்றவர்கள் மேஸ்திரி ஆனார்கள். அவர் ஆகவில்லை. 'அவர் சொன்னால் யார் கேட்பார்கள்?' என்பதே மேலிடத்துப் பதில். இயந்திரம் அவர் சொன்னதைக் கேட்டது.

1920-ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்துக்கள், பார்சிகள், முகம்மதியர், ஐரோப்பியர் என நான்கு அணிகள் மோதும் பந்தயம். தொடக்கத்திலேயே பாலூவை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். தலைவர் பையும் முதல் ஆட்டத்துக்கு வர இயலவில்லை. எஞ்சியவர்களில் மூத்த அனுபவசாலிகள் பாலூவின் தம்பியரான சிவராமும் விட்டலும். தலைமையோ பூனாப் பிராமணரான டி. பி. தேவதருக்குத் தரப்பட்டது. தேவதர் சிறந்த ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. குற்றம் அவரிடம் இல்லை, தேர்ந்தவர்களிடம் இருந்தது. சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். ஏன் விலகினோம் என்பதைப் பத்திரிகை வாயிலாக உலகறியச் செய்தனர். சாதியின் பெயரால் இழைக்கப்படும் அநீதிக்கு உடன்பட மாட்டோம் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

இந்த மறுப்பின் எடையை நிறுத்துப் பாருங்கள். அவர்களுக்கு அணியில் இடம் இருந்தது. வாய் மூடியிருந்தால் அந்த இடம் நிலைத்திருக்கும். அண்ணன் இருபது ஆண்டுகள் பாடுபட்டு, மண் குவளை தாங்கிப் பெற்ற வாசலை, ஒரே நாளில் பணயம் வைத்தார்கள். திரும்ப அழைக்கப்படாமலே போயிருக்கலாம். போனால் அடுத்த தலைமுறைக்கும் அந்த வாசல் அடைபட்டிருக்கலாம். இது தெரிந்தே விலகினார்கள்.

விளைவு யாது? பொதுமக்களின் அனுதாபம் சகோதரர்கள் பக்கம் திரும்பியது. இறுதி ஆட்டத்திற்குப் பை திரும்பி வந்தார். தம்பியர் இருவரும் மீண்டும் சேர்க்கப்பட்டனர். பாலூ அணிக்கு அழைக்கப்பட்டதுடன் துணைத் தலைவராகவும் ஆக்கப்பட்டார். ஆட்டத்தின் இடையே பை வேண்டுமென்றே களத்தை விட்டு வெளியேறினார். அந்நேரம் இந்து அணிக்குப் பாலூ தலைமை தாங்கினார். ஏட்டில் தலைவர் பை. களத்தில் சில நேரம் தலைவர் பாலூ. 1913-ல் சொன்ன சொல்லை ஏழாண்டுகள் கழித்துப் பை நிறைவேற்றினார் என்று கொள்ளலாம். 1923-ல் விட்டல் முறைப்படி இந்து அணியின் தலைவராக்கப்பட்டார். அவ்வாண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்றபோது, கூட்டத்தினர் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர். அந்தத் தோள்கள் உயர்சாதியாரின் தோள்கள்.

இப்பொழுது அந்தப் பழைய வினாவுக்கு வருகிறேன். பொறுத்த அண்ணன் வீரனா, மறுத்த தம்பியர் வீரரா? தம்பியரே என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். யாருடைய கை நின்றால் இயந்திரம் நிற்குமோ அவனுடைய மறுப்புக்குத்தான் விலை உண்டு. வாசலில் கூட்டுபவன் தனியாக வேலைநிறுத்தம் செய்தால் வேறொருவனைக் கொண்டுவருவார்கள். 1895-ல் பாலூ மண் குவளையை எறிந்திருந்தால் பூனாவில் யாருக்கும் அது செய்தியாகியிருக்காது. 1920-ல் இரு சகோதரர்கள் விலகியபோது ஊர் பேசியது. அந்த எடையைச் சேர்த்து வைத்தவர் அண்ணன்; செலவழித்தவர்கள் தம்பியர். சேர்ப்பதோடு நின்றுவிட்டால் அது கருமியின் பொறுமை. சேர்க்காமல் செலவழிக்க நினைப்பதோ, வெறுங்கையால் சந்தைக்குப் போவது போலாகும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. பொறுப்பவருடைய துன்பத்தைப் பார்த்து மற்றவர்கள் சுகம் காண்கிறார்கள். 'எவ்வளவு அடக்கமானவர், எவ்வளவு நல்லவர்' என்று புகழ்கிறார்கள். அந்தப் புகழ் ஒரு கயிறு. அமெரிக்க நாட்டில் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பு இனத்தவர், 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணிக்காக ஆடினார். வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெருஞ் சங்கங்களில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்த தடை அன்று உடைந்தது. அவரைச் சேர்த்த பிராஞ்ச் ரிக்கி முதலிலேயே ஒரு வாக்குறுதி வாங்கிக்கொண்டார்: எத்தனை ஏசினாலும் திருப்பி அடிக்கக் கூடாது. ராபின்சன் அந்த வாக்கைக் காத்தார். இதன் பொருட்டு அவர் பட்ட வேதனையை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பாலூவுக்கு அத்தகைய ரிக்கி ஒருவரும் இல்லை. திட்டமிட்டு அவரை உள்ளே அழைத்தவர் யாருமில்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ராபின்சனை நான் குறிப்பிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1949-ல், பால் ராப்சன் என்னும் கறுப்பின மாபெரும் பாடகர் அரசாங்கத்தைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியபோது, அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல அமெரிக்கச் சட்டமன்றக் குழு ஒன்று ராபின்சனை அழைத்தது. அவர் போய்ச் சொன்னார். அதே சாட்சியத்தில் நிறவெறியையும் கண்டித்தார் என்றாலும், பத்திரிகைகள் பெரிதாக்கியது ராப்சனுக்கு எதிரான சொற்களையே. 1972-ல், தாம் இறந்த ஆண்டில் வெளிவந்த தன்வரலாற்றில், அப்படி ஓர் அழைப்பு இப்போது வந்தால் மறுத்துவிடுவேன் என்று ராபின்சன் எழுதினார்.

நமக்கு நெருக்கமான விஷயம் இதுதான். 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் எரவாடாவில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் பாலூவின் கையெழுத்தும் இருக்கிறது; நம் சென்னை எம். சி. ராஜாவின் கையெழுத்தும் இருக்கிறது. இருவரும் தனித்தொகுதிக் கோரிக்கையில் டாக்டர் அம்பேத்கருடன் வேறுபட்டு நின்றவர்கள். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935-ல் இயோலாவில் பாபாசாகேப் அறிவித்ததையும் பாலூ ஆதரிக்கவில்லை. 1937-ல் பம்பாய் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி அவரையே பாபாசாகேப்புக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலூ 11,225 பெற்றார். இடைவெளி இரண்டாயிரம்தான். இதை அறிந்த நம் தோழர்களில் சிலர் பாலூவின் பெயரையே உச்சரிக்க விரும்புவதில்லை.

அவர் நின்றது தவறு என்பதே என் முடிவு. காங்கிரஸ் அவரைத் தேர்ந்ததற்கு அவருடைய அரசியல் ஞானம் காரணமன்று. அவருடைய புகழ் காரணம். பத்தாண்டுகள் தலைமை தர மறுத்த சமூகம், தன்னைக் கேள்வி கேட்ட ஒரு மனிதரைத் தோற்கடிக்க, அவருக்கு ஒரே நாளில் வேட்பாளர் பட்டம் கொடுத்தது. இதை அவர் கண்டிருக்க வேண்டும். மைதானத்தில் கண் தப்பாமல் பந்தின் திசையைக் கண்டவர், இங்கே காணவில்லை. எட்டு அங்க மார்க்கத்தில் நற்காட்சி முதலில் வைக்கப்பட்டதன் காரணத்தை நான் இங்கே உணர்கிறேன். துணிவு இருந்தும் காட்சி பிழைபட்டால், துணிவு பிறர் கைக் கருவியாகிறது.

ஆயினும் 1937-ஐக் கொண்டு 1895-ஐ அழிக்க முடியாது. மண் குவளையைப் பிடித்த அந்தக் கையை எந்தத் தேர்தல் முடிவும் பொய்யாக்கவில்லை. ஒரு மனிதன் ஒரு வாசலைத் திறந்து, வேறொரு வாசலில் குறுக்கே நிற்பது உண்டு. நாம் வழிபட விக்கிரகம் தேடுபவர்களானால் இது நமக்கு இடையூறு. விக்கிரகம் தேடும் பழக்கத்தை விட்டுவிட்டுத்தானே இந்நெறிக்கு வந்தோம்?

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், புனேவை அடுத்த தேகு ரோட்டில் பாபாசாகேப் புத்தர் திருவுருவத்தை நிறுவினார். 1955 ஜூலை 4-ஆம் நாள் பாலூ பம்பாயில் காலமானார். பதினைந்து மாதங்கள் கழித்து நாகபுரியில் லட்சக்கணக்கானோர் தீக்கை பெற்றனர். உயிருடன் இருந்தால் பாலூ அங்கே வந்திருப்பாரா என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு ருசி இல்லை. விட்டல் தம் ஆட்ட வாழ்க்கையை மராத்தியில் எழுதி 1948-ல் நூலாக வெளியிட்டிருக்கிறார். புனேயிலும் பம்பாயிலும் வாழும் நம் தமிழ்ச் சகோதரர்களில் மராத்தியைத் தாய்மொழி போலப் படிப்பவர்கள் பலர். அவர்களில் ஒருவர் அந்நூலைத் தமிழாக்கித் தந்தால், ஞாயிறுதோறும் நம் வாசகசாலைகளில் ஓர் அத்தியாயமாக வாசித்துவிடலாம். 1920-ஆம் ஆண்டு அத்தியாயத்தில் தொடங்கலாம்.